கேம்பரில் அடைக்க வேண்டிய ஓட்டையும் அடைக்கக் கூடாத ஓட்டையும்

புதிதாகக் கேம்பர் டிரெய்லர், அதாவது படுக்கையும் சமையலறையுமாக இழுத்துச் செல்லும் வண்டி வாங்கியவர்களில் பலர் முதல் வாரமே ஒரு குழாய் சிலிக்கான் வாங்கிவந்து, கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் அந்தச் சிலிக்கானில் பாதி இரண்டு குளிர்காலம் தாங்காது. மீதியில் சில, அடைத்திருக்கவே கூடாத இடங்களில் போய் உட்கார்ந்திருக்கும். மழைத் தண்ணீர், இலை தழை, தூசி, எலி, குளவி எல்லாமே ஓட்டை வழியாகத்தான் வருகின்றன என்பது உண்மை. அந்த ஓட்டைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை என்பதுதான் இந்த வேலையின் ஆரம்பப் பாடம்.

நான் இங்கே சொல்வது கனடா, அமெரிக்கா பக்கம் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிராவல் டிரெய்லரைப் பற்றி. மோட்டார் ஹோம், வேன் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். மெல்லிய மரச்சட்டம் அல்லது அலுமினியச் சட்டம், நடுவில் இன்சுலேஷன், வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர்கிளாஸ், உள்ளே மூன்று மில்லிமீட்டர் பிளைவுட். கூரையில் பிளைவுட்டின் மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு. இவ்வளவு மெல்லிய பெட்டியில் தொழிற்சாலையே டஜன் கணக்கில் துளை போட்டுத்தான் நம்மிடம் தருகிறது. கூரையில் ஏசிக்கு, வென்ட்டுக்கு, கழிவுக் குழாயின் காற்றுப்போக்கிக்கு. பக்கச் சுவரில் ஜன்னல், கதவு, ஃபிரிட்ஜ் வென்ட், ஃபர்னஸ் எனும் கேஸ் ஹீட்டரின் புகைவாய், வெந்நீர்த் தொட்டி, மின்வயர் நுழையும் சின்ன மூடி. தரையில் தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், கழிவுக் குழாய்.

இவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எதுவுமே புகக் கூடாத மூட்டுகள்: கூரை விளிம்பு, மூலைப் பட்டை, விளக்கின் அடிப்பகுதி போன்றவை. இரண்டு, காற்றோ புகையோ போய்வந்தே ஆக வேண்டிய வாய்கள். மூன்று, உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வடிவதற்காகவே வைத்த துளைகள். முதல் ரகத்தை முழுசாக அடைக்க வேண்டும். இரண்டாவதில் பூச்சியை மட்டும் நிறுத்த வேண்டும். மூன்றாவதைத் தொடவே கூடாது, சுத்தமாக வைத்தால் போதும்.

தண்ணீர் எப்படி வருகிறது

உள்ளே வரும் எதிரிகளில் தண்ணீருக்குத்தான் முதலிடம். எலி வந்தால் சத்தம் கேட்கும், எச்சம் தெரியும். தண்ணீர் இரண்டு வருஷம் சுவருக்குள் குடியிருந்துவிட்டு, சட்டம் மக்கிய பிறகுதான் தன்னைக் காட்டும். போதாததற்கு மற்றவர்களையும் அழைத்துவரும். ஈரமான மரத்தைத் தேடிக் குடியேறும் கருப்புத் தச்செறும்பு இந்த நாடுகளில் சாதாரணம். மக்கிய தரைப்பலகையில் எலிக்கு ஓட்டை போடுவதும் சுலபம்.

ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருக்கும். தண்ணீர் தானாக வழிந்து போகும், நடுவில் பசை எதுவும் இல்லை. கேம்பரில் அந்த வசதி குறைவு. கூரை விரிப்பும் சுவர்த் தகடும் விளிம்பில் சந்திக்கின்றன, அந்தச் சந்திப்பின் மேல் ஓர் அலுமினியப் பட்டையை வைத்துத் திருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு துளை. காப்பாற்றிக்கொண்டிருப்பது பட்டைக்குப் பின்னால் இருக்கும் பசைப் பட்டியும், மேலே பூசிய சீலன்ட் என்ற அடைப்புப் பசையும்தான்.

அவை ஏன் விட்டுப்போகின்றன? வெயில் ஒரு காரணம். ஓடும்போது குலுங்குவது இன்னொன்று. நாம் யோசிக்காத மூன்றாவது காரணம் வெப்பநிலை. ஆறு மீட்டர் நீள அலுமினியப் பட்டை ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோ ஜனவரியின் மைனஸ் 20 டிகிரியிலிருந்து ஜூலை வெயிலின் 40 டிகிரிக்குப் போனால் அது சுமார் 8 மி.மீ. நீளும். அதன் பின்னால் இருக்கும் மரம் அந்த அளவு நீளாது. வருஷா வருஷம் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் கல் மாதிரி இறுகும் பசை எதைப் போட்டாலும் விரிசல் விடத்தான் செய்யும்.

விரிசல் எவ்வளவு சின்னது என்பதிலும் ஆறுதல் கிடையாது. முடி அளவு இடுக்கு தண்ணீரைத் தானாகவே உறிஞ்சி உள்ளே இழுக்கும், மேல்நோக்கிக்கூட. மழையில் நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது முன்சுவரில் காற்று தண்ணீரை அழுத்தித் தள்ளும். நிறுத்தி வைத்திருக்கும்போது ஒழுகாத டிரெய்லர் ஓடும்போது மட்டும் ஒழுகுவது இதனால்தான். உள்ளே போன தண்ணீர் நேராகக் கீழே விழாது, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். படுக்கைக்கு மேல் கறை தெரிந்தால் ஓட்டை அங்கேதான் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளிக் கூரை வென்ட்டில் இருக்கலாம்.

கூரையில் என்ன பார்ப்பது

பல தயாரிப்பாளர்களின் கையேட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையைப் பார்க்கச் சொல்லியிருக்கும். குளிர்காலத்தில் மூடிவைப்பவர்கள் வசந்தத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, இலை உதிரும் காலத்தில் ஒருமுறை பார்த்தால் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வந்துவிடும். ஏணி வைத்து ஓரத்திலிருந்தே பார்க்க முடிந்தால் ஏறாதீர்கள். எல்லாக் கூரையும் ஆள் நடக்கக் கட்டியதில்லை. ஈரமாக இருந்தால் ஏறவே வேண்டாம்.

வென்ட்டைச் சுற்றியிருக்கும் வெள்ளை சீலன்ட்டைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். நல்ல நிலையில் அது லேசாகப் பளபளத்து, விரலால் அழுத்தினால் அமுங்கி மீளும், கூரையோடு சேரும் ஓரம் மெலிந்து படிந்திருக்கும். வயதானது மங்கி, சேற்று நிலம் வெடித்த மாதிரி மேலே கோடு விழுந்திருக்கும். மேலோட்டமான கோடு மட்டும் என்றால் பயமில்லை. நகத்தை வைத்து ஓரத்தை நெம்பினால் பிரிந்துவருகிறதா, திருகாணித் தலை எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. ஓரம் பிரிந்தால் அங்கே ஏற்கெனவே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, எதைப் பூசுவது? ரப்பர் கூரைக்கென்றே விற்கும் சீலன்ட்டில் இரண்டு வகை. தானாகப் பரவிச் சமமாகும் வகை கூரைக்கு. திருகாணித் தலையைத் தானே சுற்றி மூடிக்கொள்ளும். வழியாத கெட்டி வகை சுவருக்கு. டைகோர் என்ற பெயரில் இரண்டும் இங்கே கேம்பர் சாமான் விற்கும் எல்லா ஆர்.வி. கடையிலும் கிடைக்கும். பரவும் வகையைச் சுவரில் போட்டால் வழிந்து கோலம் போட்டுவிடும். கூரை இ.பி.டி.எம். என்ற ரப்பரா, டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் விரிப்பா, ஃபைபர்கிளாஸா என்று கையேட்டில் பார்த்துவிட்டு அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். இ.பி.டி.எம்.மின் மேல் பெட்ரோலியம் கலந்த எந்தக் கிளீனரும் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

சிலிக்கானை ஏன் வேண்டாம் என்கிறேன்? உலர்ந்த சிலிக்கானின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கானே சரியாக ஒட்டாது. அடுத்த முறை ரிப்பேர் செய்யும்போது முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். ரப்பர் கூரையில் அப்படிச் சுரண்டினால் கூரையே கிழியும். பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கூரை மூட்டுகளில் கண்ணாடி மாதிரித் தெளிவான சிலிக்கான் கட்டிகட்டியாக இருந்தால், முன்னால் வைத்திருந்தவர் ஒரு ஒழுகலோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். விலையைக் கேட்பதற்கு முன் அந்த இடத்துக்கு நேர் கீழே அலமாரியைத் திறந்து பாருங்கள்.

சீலன்ட் என்பது மேல்பூச்சுதான். தண்ணீரை உண்மையில் நிறுத்துவது பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் பியூட்டைல் டேப். சாம்பல் நிறத்தில், பிசுபிசுப்பாக, சூயிங்கம் பட்டை போல் சுருளாக வரும். அது இறுகுவதே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. அலுமினியம் நீண்டு சுருங்கினாலும் கூடவே இழுபட்டுக் கொடுக்கும். ஒரு பக்க விளக்கை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். விளக்கைக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். விளக்கின் பின்விளிம்பில் டேப்பை ஒட்டி, பழைய துளையிலேயே வைத்துத் திருகுங்கள். ஒரேயடியாக முறுக்காமல், நாலு திருகாணியையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. சுற்றிலும் பசை பிதுங்கி வர வேண்டும். ஒரு பக்கம் பிதுங்கவில்லை என்றால் அங்கே இடைவெளி இருக்கிறது, கழற்றி இன்னும் கொஞ்சம் வையுங்கள். மறுநாள் பிதுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு, மேல் விளிம்பிலும் இரு பக்கத்திலும் சீலன்ட் பூசுங்கள். கீழ் விளிம்பை விட்டுவிடுங்கள். எப்படியாவது ஒரு சொட்டு பின்னால் போனால் அது வெளியே வர ஒரு வழி வேண்டும்.

இந்தக் கீழ் விளிம்பு விஷயம் ஜன்னலுக்கு இன்னும் முக்கியம். ஜன்னல் சட்டத்தின் அடியில் வெளிப்பக்கம் இரண்டு மூன்று சின்னப் பிளவுகள் இருக்கும். கண்ணாடி நகரும் தடத்தில் சேரும் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடிகிறது. ஓட்டை என்று நினைத்து அதை அடைத்தவர்கள் வீட்டில், அதாவது டிரெய்லரில், அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் தடத்தில் நிரம்பி உள்சுவர் வழியாக மெத்தைக்கு வரும். அந்தப் பிளவை மண், பாசி அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிட்டு, தடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிந்தால் சரி.

கூரை ஏசி ஒழுகினால் சீலன்ட் குழாயைத் தேடி ஓட வேண்டாம். ஏசி உட்காரும் 14 அங்குலச் சதுரத் துளையைச் சுற்றி ஒரு ஃபோம் கேஸ்கட் மட்டுமே இருக்கிறது; உள்ளிருந்து நாலு போல்ட் அதை அழுத்திப் பிடிக்கிறது. குலுக்கலில் போல்ட் தளரும். உள்மூடியைக் கழற்றி, நாலையும் சமமாக, கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கினாலே பாதி ஒழுகல் நின்றுவிடும். அளவு மீறி முறுக்கினால் கூரை உள்வாங்கி, ஏசியைச் சுற்றிக் குளம் கட்டும்.

வழியில் கிழிசல் நேர்ந்தால் கூரைக்கென்றே விற்கும் அகல ஒட்டு டேப் கைகொடுக்கும். எட்டர்னாபாண்ட் என்பது எல்லோரும் சொல்லும் பெயர். இடம் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், ஒட்டியபின் உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒட்டிவிட்டால் எடுக்க முடியாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை விரிப்பின் மேல் நீல பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். காற்றில் படபடத்துக் கூரையைத் தேய்க்கும், அடியில் ஈரத்தைப் பூட்டும். மூடத்தான் வேண்டும் என்றால் ஆவி வெளியேறும் துணி உறை வாங்குங்கள்.

தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறதா?

கையே முதல் கருவி. மழைக்கு மறுநாள் எல்லா மூலைகளையும், மேல் அலமாரிகளின் உள்மூலைகளையும், படுக்கைக்கு அடியில் முன்சுவரையும் அழுத்திப் பாருங்கள். கதவோரத் தரையில் குதிகாலால் மிதித்துப் பாருங்கள். அமுங்கினால் மரம் போய்விட்டது. ஃபைபர்கிளாஸ் சுவரைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பார்த்தால் கொப்புளம் தெரியும். ஈரம் பட்டு உள்பலகையிலிருந்து தகடு பிரிந்ததன் அடையாளம் அது. வெளிச்சுவரில் வழியும் கறுப்புக் கோடுகளைக் கண்டு பதற வேண்டாம், அவை கூரை அழுக்கு. திருகாணி வரிசையிலிருந்து துருக்கோடு வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

முள்முனை ஈரமானி ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது நல்லது, பெரிய விலையில்லை. மரத்தில் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க சர்வீஸ் கடைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு பெரிய ஃபேனால் டிரெய்லருக்குள் காற்றை ஏற்றிவிட்டு, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. உங்கள் கூரை ஃபேனில் உள்ளிழுக்கும் திசை இருந்தால், ஜன்னல் கதவையெல்லாம் மூடிவிட்டு நீங்களே ஓரளவுக்குச் செய்யலாம்.

இன்னொன்று. எல்லா ஈரமும் மழை இல்லை. இரண்டு பேர் ஓர் இரவு மூடிய டிரெய்லரில் தூங்கினால் மூச்சிலும் வேர்வையிலும் மட்டும் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் சேரும். ஒரு கிலோ புரொப்பேன் கேஸ் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. அடுப்பில் சமைக்கும்போது அது அத்தனையும் உள்ளேதான். குளிர்ந்த சுவரிலும் மெத்தைக்கு அடியிலும் அது படிந்து பூஞ்சையாகும். இதை ஒழுகல் என்று நினைத்துக் கூரையெல்லாம் சீலன்ட் பூசினாலும் தீராது. குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று கூரை வென்ட்டை இரண்டு விரல் அளவும், எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சமும் திறந்து வைப்பதுதான் மருந்து.

இலையும் தூசியும்

இலை, சருகு, பைன் ஊசி விஷயத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. கூரை ஓரத்தில் தண்ணீர் ஓடும் சிறு வாய்க்காலை அவை அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி மூட்டுக்குள் போகும். மரத்தடியில் நிறுத்துபவர்கள் அடிக்கடி வழித்து எடுக்க வேண்டும், உரசும் கிளையை வெட்ட வேண்டும். ஸ்லைடு-அவுட் இருந்தால், அதாவது பொத்தானை அழுத்தினால் அறை வெளியே நீளும் வகை என்றால், உள்ளே இழுப்பதற்கு முன் அதன் கூரையைப் பெருக்குங்கள். அங்கே கிடக்கும் குச்சியும் கல்லும் ரப்பர் உதட்டைக் கிழிக்கும், தேங்கிய தண்ணீர் நேராக உங்கள் சோபாவில் விழும். அந்த ரப்பருக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை ரப்பர் சீலுக்கென்று விற்கும் ஸ்ப்ரே அடித்தால் வெடிக்காது. கிரீஸ் தடவாதீர்கள்.

தூசிக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கிறது. மண்சாலையில் போகும்போது எல்லா ஜன்னலும் மூடியிருந்தும் உள்ளே பவுடர் பூசிய மாதிரி தூசி படிந்திருக்கும். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காலியிடத்தை நிரப்பச் சின்னச் சின்ன இடுக்கு வழியாகத் தூசிக்காற்று நுழைகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மண்சாலை ஓட்டும் ஆஸ்திரேலியர்கள் இதற்கு விடை கண்டுபிடித்தார்கள். கூரையின் முன்பக்கம், காற்றை எதிர்கொள்ளும்படி ஃபில்டர் வைத்த ஒரு சின்ன வாயைத் திறந்துவிடுகிறார்கள். ஓடும்போது சுத்தமான காற்று உள்ளே தள்ளப்பட்டு அழுத்தம் கூடுகிறது, இடுக்குகளில் காற்று வெளியே போகிறது, தூசி உள்ளே வர முடிவதில்லை. எல்லா இடுக்கையும் அடைத்துத் தீராத பிரச்சினை, ஒரு வாயைத் திறந்ததும் தீர்ந்தது.

குளவி, சிலந்தி: மூச்சு வாயில் கூடு

ஃபர்னஸ், வெந்நீர்த் தொட்டி, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் மூன்றும் வெளிச்சுவர் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. மண்கூடு கட்டும் குளவிக்கு இந்தக் குழாய்கள் அளவெடுத்துச் செய்த மாதிரி. ஊரில் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பார்கள். ஃபர்னஸில் கட்டினால் நடப்பது வேறு: ஃபர்னஸ் எரியாது, அல்லது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலந்தி இன்னும் நுணுக்கமான ஆள். கேஸ் பர்னரின் மெல்லிய குழாய்க்குள் வலை பின்னினால் காற்று குறைந்து, நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகிப் புகைக்கரி படியும். எரிபொருள் வாடை சில சிலந்திகளை இழுக்கும் என்பது வெறும் கேம்பர்காரர்களின் புலம்பல் இல்லை. 2011இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் ஒரு மஞ்சள் சிலந்தி வலை கட்டியதுதான்.

ஃபிரிட்ஜ் வென்ட்டுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் அளவாகச் செய்த எஃகு வலைகள் கடையில் கிடைக்கின்றன, ஸ்பிரிங்கால் மாட்டிவிடலாம். ஃபர்னஸ் புகைவாய் மட்டும் விவகாரமானது. அதற்கும் வலை விற்கிறார்கள்தான், ஆனால் புகையைத் தடுக்கும் என்று சில ஃபர்னஸ் தயாரிப்பாளர்கள் வலையே கூடாது என்கிறார்கள். கையேடு சொல்வதைக் கேளுங்கள். நான் சொல்லும் வழி: நிறுத்தி வைக்கும் மாதங்களில் மட்டும் புகைவாயை டேப்பால் மூடுங்கள், உள்ளே தெர்மோஸ்டாட்டின் மேல் 'புகைவாய் மூடியிருக்கிறது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். சீட்டு இல்லாமல் டேப் ஒட்டாதீர்கள். ஏப்ரலில் முதல் குளிரிரவில் ஃபர்னஸைப் போடுவது நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

ஐரோப்பிய, ஆஸ்திரேலியக் கேரவன்களில் தரையிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் வலைபோட்ட துளைகள் இருக்கும். எலி வழி என்று நினைத்து அவற்றை அடைப்பவர்கள் உண்டு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வடிந்து வெளியே போக வைத்தவை அந்தத் துளைகள்.

எலி

சுண்டெலி புக 6 மி.மீ. இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கீழிருந்துதான் வரும்: சக்கர மேல்மூடியின் ஓரம், கழிவுக் குழாய் தரையைத் துளைக்கும் இடம், ஸ்லைடு-அவுட்டின் கீழ் மூலைகள், மின்வயர் மூடி. வயர் மூடியை மூட மறந்தால் கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க நல்ல வழி இருட்டு. இரவில் உள்ளே எல்லா அலமாரிகளையும் படுக்கைப் பெட்டியையும் திறந்து வைத்து, தரையோரம் பிரகாசமான விளக்கை வையுங்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, வண்டி தாங்கிகளில் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே அடியில் குனிந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் எலி வழி. பகலில் எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாத ஓட்டைகள் அப்போது தெரியும். டிரெய்லரின் அடிவயிறு முழுக்க பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. தகட்டின் ஓரங்களையும் குழாய் வெளிவரும் இடங்களையும் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

அடைப்பதற்குச் செம்பு வலை அல்லது துருப்பிடிக்காத எஃகு வலையைச் சுருட்டித் திணித்து, மேலே சீலன்ட் பூசுங்கள். சாதாரண எஃகுக் கம்பளி இங்கே சாலையில் கொட்டும் உப்புக்கு ஒரே குளிர்காலத்தில் துருப்பொடியாகிவிடும். ஸ்ப்ரே ஃபோம் மட்டும் அடித்தால் எலி அதைக் கடித்துத் தள்ளிவிட்டு வரும். வலைக்கு மேல் அடித்தால் வலை நகராமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கேஸ் குழாயைச் சுற்றி அடைக்கும்போது குழாய் எஃகு வலையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதினா எண்ணெய், துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளான டிரையர் ஷீட், அந்துருண்டை எல்லாம் எலியை விரட்டும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டிரையர் ஷீட்டைக் கிழித்து எலி மெத்தை போட்டுக்கொண்ட படங்களை எத்தனையோ பேர் காட்டியிருக்கிறார்கள். அந்துருண்டை வாடை மெத்தையில் ஏறினால் அடுத்த கோடை வரைக்கும் போகாது. அந்தச் சின்ன அறையில் அதைச் சுவாசிப்பது நல்லதும் இல்லை. விஷமும் வேண்டாம். தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்தால் நாற்றத்தோடுதான் ஊர்சுற்ற வேண்டும். பழைய மரப் பொறியில் வேர்க்கடலை வெண்ணெய் ஒரு மிளகளவு வைத்து, சுவரை ஒட்டி வையுங்கள். எலி நடுத்தரையில் நடப்பதில்லை. அப்புறம், நிறுத்தும்போது உணவு என்று ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. பருப்பு டப்பா மட்டுமில்லை, சோப்பு, மெழுகுவர்த்தி, நாய்த் தீவனம், டாய்லெட் பேப்பர் கட்டு எல்லாமே. புல் வளர்ந்த இடத்தைவிட சிமென்ட் தரையில் நிறுத்துவது மேல்.

இவ்வளவு தீவிரமாகப் பேசுவதற்குக் காரணம் கடிபட்ட வயர் மட்டும் இல்லை. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளையாக இருக்கும் மான் எலி, நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸைச் சுமக்கக்கூடும். 2012 கோடையில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் பத்துப் பேருக்கு அந்த நோய் வந்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானோர் தங்கியிருந்தது இரட்டைச் சுவர் வைத்து இன்சுலேஷன் போட்ட கூடாரக் குடில்களில். அந்தச் சுவர்களுக்கு நடுவில் எலிகள் குடியிருந்தன. நம் டிரெய்லரின் சுவரும் அதே மாதிரி இரட்டைச் சுவர்தான். கனடாவில் நோய் அரிது, பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில். வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்து என்பதால் அலட்சியம் வேண்டாம்.

ஆகவே வசந்தத்தில் டிரெய்லரைத் திறந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். எலி எச்சம் 3 முதல் 6 மி.மீ. நீளத்தில், கறுப்பாக, நுனி கூராக இருக்கும். அதைக் கண்டால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். பெருக்குவது, வேக்யூம் போடுவது இரண்டும் தூசியைக் கிளப்பி மூக்குக்குள் அனுப்பும். ரப்பர் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேலும் கூட்டின் மேலும் நன்றாக நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். காகிதத் துண்டால் துடைத்து எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அதே கலவையால் தரையைத் துடையுங்கள்.

அதன் பிறகு டேப்புகளைப் பிரித்து, புகைவாய்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பர்னர் சுடர் நீலமாக எரிகிறதா என்று சோதியுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்தும்போது அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்; காலாவதித் தேதி அங்கேதான் அச்சிட்டிருக்கும்.